யாருக்குப் பின்னால் யார்?

ஓர் அலுவலகத்தில் சண்டை மூட்ட வேண்டுமென்றால் சம்பளத்தில் கை வைக்க வேண்டியதில்லை. சுவரில் ஒரு பணிமூப்புப் பட்டியலை ஒட்டினால் போதும். சம்பளம் குறைந்தால் எல்லோரும் ஒன்றுசேர்ந்து மேலதிகாரியைத் திட்டுவார்கள். பட்டியலில் பெயர் மேலே கீழே போனால் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். இதை அடித்துச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. பணிக்காலத்தின் பெரும்பகுதியை எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் கழித்தவன் நான். யார் எப்போது சேர்ந்தார், யாருக்கு எப்போது பதவி உயர்வு, யாருக்குப் பின்னால் யார் என்று எழுதி எழுதியே தலை நரைத்தது. எந்த நிறுவனம் என்று மட்டும் கேட்காதீர்கள். திண்டுக்கல்லில் இருந்தது, பிறகு வேறொன்றோடு சேர்ந்து வேறு பெயரில் ஓடியது. அதற்கு மேல் சொன்னால் பழைய ஆட்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்து நிற்பார்கள்.

வேலைக்கு வந்த புதிதில் எனக்குத் தேதிதான் தெய்வம். பணிப் பதிவேட்டைத் திற, சேர்ந்த தேதியைப் பார், வரிசையாக எழுது, இதில் என்ன பிரமாதம் என்ற நினைப்பு. ஒரே நாளில் இருவர் சேர்ந்திருந்தால் முற்பகலில் சேர்ந்தவர் முன்னால், பிற்பகலில் சேர்ந்தவர் பின்னால். அப்படி இருவர் எங்களிடம் இருந்தார்கள். ஒருவர் பேகம்பூர்க்காரர், நடந்தே வந்து காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்றவருக்கு நத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். பஸ் தாமதமாகி, சாப்பாட்டு வேளை கழிந்துதான் வந்தார். அவர் பெயருக்கு நேரே ‘பி.ப.’ என்று விழுந்தது. வருடங்கள் ஓடி, ஒரே ஒரு மேற்பார்வையாளர் இடம் காலியானபோது அந்த ‘பி.ப.’ அவரைத் தள்ளி நிறுத்தியது. என் மேஜைக்கு வந்து, “ஏன் தம்பி, பஸ்ஸு லேட்டா வந்ததுக்கு நான் என்னப்பா செய்ய?” என்றார். நான் விதி எண்ணைச் சொல்லி, விதியைப் படித்தும் காட்டினேன். அந்த வயதில் எனக்கிருந்த கம்பீரத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அவர் ஒன்றும் பதில் பேசாமல், “சரி, நல்லா இருப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் மறந்தே போயிருந்தது. என் தங்கையின் பேரன் வந்து கிளறிவிட்டான். பையன் விமானம் ஓட்டுகிறான். கோ-பைலட். அவன் வேலை பார்க்கும் நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கிவிட்டது. மதுரையில் இறங்கி, வழியில் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தவன், இலையை எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவும் முன்பே கேட்டான்.

“தாத்தா, நீங்க சீனியாரிட்டி லிஸ்ட் போட்ட ஆளுதானே? ரெண்டு கம்பெனி ஒண்ணாச் சேந்தா யாரு முன்னாடி, யாரு பின்னாடி?”

“அதைத் தெரிஞ்சவன் இன்னும் பொறக்கலப்பா. நீ முதல்ல கையைக் கழுவு” என்றேன்.

பிறகு அவன் தன் தொழிலைப் பற்றிச் சொல்லச் சொல்லத்தான், எங்கள் அலுவலகச் சண்டையெல்லாம் எவ்வளவு சின்னது என்று புரிந்தது. விமானத்தின் முன்பக்க அறையில் இடப்பக்க இருக்கை கமாண்டருக்கு, வலப்பக்க இருக்கை கோ-பைலட்டுக்கு. நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்தால் வணிக விமானி உரிமத்துக்குப் போகலாம். கமாண்டர் ஆவதற்கான பெரிய உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். ஆனால் மணி நேரம் சேர்ந்துவிட்டால் மட்டும் இடப்பக்கம் போய்விட முடியாது. இடம் காலியாக வேண்டும், பட்டியலில் தன் முறையும் வர வேண்டும். அதே பட்டியல்தான் சிறிய விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு யார் போவது என்பதையும் பல நிறுவனங்களில் முடிவு செய்கிறது. எந்த ஊரில் குடியிருப்பது, பொங்கலுக்கு யாருக்கு லீவு என்பதுகூட அதைப் பார்த்துத்தான். அமெரிக்காவில் இது இன்னும் கெடுபிடி. இருபது வருடம் கேப்டனாக இருந்தவர் கோபித்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போனால், அங்கே பட்டியலின் கடைசி ஆளாகச் சேர வேண்டியதுதான். ஒரு விமானியின் ஆயுள் முழுக்க அந்த ஒரு எண்ணில் கட்டுண்டு கிடக்கிறது.

இப்போது இரண்டு நிறுவனங்களைச் சேர்க்கிறார்கள் என்று வையுங்கள். ஒன்று புதிது, மளமளவென்று வளர்ந்தது. சேர்ந்த ஐந்தாறு வருடத்தில் அங்கே பையன்கள் கமாண்டர் ஆகிவிட்டார்கள். மற்றது பழையது, வளர்ச்சி நின்று போனது. பத்து வருடத்துக்கு மேலாகியும் வலப்பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவர்கள் அங்கே நிறையப் பேர். சேர்ந்த தேதிப்படி எழுதினால், புதிய நிறுவனத்துக் கமாண்டர்கள் பழைய நிறுவனத்துக் கோ-பைலட்டுகளுக்குக் கீழே போவார்கள். இருக்கிற பதவிப்படி எழுதினால், நரைத்த தலைகள் மீசை முளைத்த பையன்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் நியாயம் பேசும். இரண்டு பேர் பேசுவதும் நியாயமாகவே இருக்கும். அதுதான் தொல்லை.

அவன் சொல்லி முடித்ததும் எனக்குச் செம்பட்டி ரோட்டில் நடந்த ஒரு சங்கதி ஞாபகத்துக்கு வந்தது. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன். அன்றைக்கும் ஜன்னலோர சீட்டு. செம்பட்டிக்கு முன்னால் வண்டி பிரேக் டவுன். எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். பின்னால் வந்த பஸ்ஸை எங்கள் கண்டக்டர் கைகாட்டி நிறுத்தி, எங்களை அதில் ஏற்றிவிட்டார்.

அந்த வண்டியில் ஏற்கெனவே திண்டுக்கல்லிலிருந்து ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள். பூ மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு, காலிக் கூடைகளோடு நிலக்கோட்டைப் பக்கம் திரும்புகிற பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். செம்பட்டியில் இறங்குகிறவர்கள் எழுந்திருக்கத் தயாரானபோதே தகராறு ஆரம்பித்துவிட்டது. எங்கள் வண்டிக்காரர் ஒருவர், “நாங்க சீட்டுல உக்காந்து வந்தவங்க, எங்களுக்குத்தான் முதல்ல” என்றார். கூடைக்காரம்மா ஒருத்தி விடவில்லை. “அது அந்த வண்டியில ராசா. இந்த வண்டியில நாங்க திண்டுக்கல்லுல இருந்து கால் கடுக்க நிக்கிறோம். எறங்குறவரு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே வாரேன், நேத்து ஏறுன மாதிரி நீ வந்து உக்காருவியா?” என்றாள். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் மனசுக்குள் எங்கள் கட்சிதான். ஜன்னலோர சீட்டு என்னுடைய உரிமை என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை.

அந்த வண்டிக் கண்டக்டர் வயதானவர். பைக்குள் சில்லறையைக் குலுக்கிக்கொண்டே, வண்டியை எடுக்க விசில் கொடுக்காமல் நின்றார். “எல்லாரும் கேட்டுக்கங்க. உக்காந்திருக்கிறவங்களை யாரும் எழுப்பக் கூடாது. செம்பட்டியில காலியாகிற சீட்டு, இந்த வண்டியில நின்னுக்கிட்டு வந்தவங்களுக்கு ஒண்ணு, அந்த வண்டியில இருந்து ஏறினவங்களுக்கு ஒண்ணு. கைப்புள்ளக்காரங்க, வயசானவங்க எந்த வண்டியா இருந்தாலும் முதல்ல. இதுக்குச் சம்மதம்னா விசில் அடிக்கிறேன். சண்டைதான் வேணும்னா இங்கேயே எறங்கிப் போட்டுக்கங்க” என்றார். ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. விசில் அடித்தார். என் முறை வருவதற்குள் வத்தலக்குண்டே வந்துவிட்டது. அன்று முழுக்க அந்தக் கண்டக்டரை மனசுக்குள் திட்டினேன். விமானிகளின் கதையை ஒவ்வொன்றாகப் படித்த பிறகுதான், அந்த மனுஷன் எவ்வளவு விஷயத்தை ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார் என்று தெரிகிறது.

நம் நாட்டுக் கதையையே பாருங்கள். 1953இல் விமானப் போக்குவரத்தை அரசுடைமையாக்கியபோது, டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், கலிங்கா ஏர்லைன்ஸ் என்று எட்டு நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2007இல், உள்நாட்டில் பறந்த அந்த இந்தியன் ஏர்லைன்ஸையும் வெளிநாட்டுக்குப் பறந்த ஏர் இந்தியாவையும் ஒரே கம்பெனி ஆக்கினார்கள். விமானங்களுக்கு ஒரே பெயர் வந்தது. விமானிகளுக்கு ஒரே பட்டியல் வரவில்லை. ஏர் இந்தியா விமானிகளுக்கு இந்தியன் பைலட்ஸ் கில்டு, இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கு இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன் என்று சங்கம்கூட இரண்டாகவே இருந்தது. ஒரே சீருடை, ஒரே கம்பெனி, ஆனால் சம்பளக் கணக்கு வேறு, பதவி உயர்வுக் கணக்கு வேறு.

நாலு வருடம் பொறுத்த பிறகு, 2011 ஏப்ரல் கடைசியில், சம்பளச் சமநிலை கேட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்பு விமானிகள் வேலையை நிறுத்தினார்கள். பத்து நாள் நடந்தது. அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தர்மாதிகாரி தலைமையில், இரண்டு தரப்பு ஊழியர்களையும் எப்படி இணைப்பது என்று பார்க்க ஒரு குழு அமைந்தது. 2012 ஜனவரியில் அறிக்கை வந்தது. அதே வருடம் மே மாதம் மற்றத் தரப்பு வெளியே வந்தது. இந்த முறை காரணம் ட்ரீம்லைனர். போயிங் 787 என்கிற அந்தப் பெரிய விமானங்கள் 27 வேண்டுமென்று இணைப்புக்கு முன்பே ஏர் இந்தியாவுக்காகச் சொல்லி வைத்திருந்தார்கள். அதற்காகக் காத்திருந்தவர்கள் ஏர் இந்தியாவின் கோ-பைலட்டுகள். அந்த விமானம் வந்தால் தங்களுக்கு இடப்பக்க இருக்கை கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பயிற்சிக்கு இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்களையும் அனுப்பப் போகிறார்கள் என்றதும் அவர்களால் தாங்க முடியவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்றது. நூற்றுக்கு மேற்பட்டவர்களை நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. 58 நாளுக்குப் பிறகு, நீதிமன்றத்தின் தலையீட்டில்தான் ஜூலை தொடக்கத்தில் வேலைக்குத் திரும்பினார்கள். கூடைக்காரம்மா சொன்னதையே அவர்களும் சொன்னார்கள்: இந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே வந்தது நாங்கள். எதிர்த்தரப்பும் தப்பாகச் சொல்லவில்லை: ஒரே கம்பெனி ஆன பிறகு விமானம் எல்லோருக்கும் பொதுதானே? வண்டி ஐந்து வருடம் ஓடிய பிறகு இந்தப் பேச்சை ஆரம்பித்ததுதான் வினை.

அமெரிக்காக்காரன் எல்லாவற்றையும் சட்டப்படி செய்வான் என்று நமக்கு ஒரு நினைப்பு உண்டு. அங்கே நடந்ததைக் கேட்டால் அந்த நினைப்புப் போய்விடும். 2001இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், நொடித்துப்போன டி.டபிள்யூ.ஏ.வை வாங்கியது. வாங்கியவர்கள் கை ஓங்கியிருந்ததால், டி.டபிள்யூ.ஏ. விமானிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோய்ப் பட்டியலின் அடியில் ஒட்டிவிட்டார்கள். அதே வருடம் செப்டம்பரில் இரட்டைக் கோபுரத் தாக்குதல். விமானத் தொழிலே படுத்தது. ஆட்குறைப்பு கீழேயிருந்துதான் தொடங்கும் என்பதால், பல வருட அனுபவமுள்ளவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்த வேதனையிலிருந்து பிறந்ததுதான் 2007இல் வந்த மெக்காஸ்கில்–பாண்ட் சட்டம். இணைப்பு நடந்தால் பட்டியலை நியாயமாக, இரு தரப்புக்கும் பொதுவாகச் சேர்க்க வேண்டும், ஒத்து வராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்று அது சொல்கிறது.

நடுவர் வந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? 2005இல் யு.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் சேர்ந்தன. கிழக்குத் தரப்பான யு.எஸ். ஏர்வேஸ் பழையது, திவாலாகித் தத்தளித்தது, அதன் விமானிகளில் பலர் ஆட்குறைப்பில் வீட்டில் இருந்தார்கள். மேற்குத் தரப்பு இளையது, வளர்ந்துகொண்டிருந்தது. தேதிப்படி போடு என்றது கிழக்கு. இன்று யார் எந்த இருக்கையில் இருக்கிறார்களோ அதைப் பார் என்றது மேற்கு. ஜார்ஜ் நிக்கோலாவ் என்ற அனுபவமிக்க நடுவர் 2007 மே மாதம் தீர்ப்புச் சொன்னார். பெரிய விமானம் ஓட்டிய கிழக்குத் தரப்பு மூத்தவர்கள் 500 பேருக்கு மேல் பட்டியலின் தலைப்பில். அதற்குக் கீழே வேலையில் இருந்தவர்களை விகிதம் போட்டுக் கலந்தார். ஆட்குறைப்பில் வீட்டில் இருந்தவர்கள் அடியில். பதினேழு வருடம் ஆகிவிட்டதென்று கணக்குச் சொல்லும் கிழக்கு விமானி ஒருவர், சேர்ந்து சில மாதமே ஆன மேற்கு விமானிக்குக் கீழே நிற்க நேர்ந்தது.

கிழக்குத் தரப்புக்கு ஆள் பலம் அதிகம். தீர்ப்பை ஏற்க மறுத்தார்கள். இரு தரப்புக்கும் பொதுவாக இருந்த சங்கத்தையே 2008இல் வாக்கெடுப்பில் தோற்கடித்து, புதுச் சங்கம் அமைத்தார்கள். மேற்குத் தரப்பு நீதிமன்றம் போனது. வழக்கு, மேல்முறையீடு, மறுபடி வழக்கு. அத்தனை வருடமும் ஒரே பெயரில் பறந்த கம்பெனியில் கிழக்கு விமானி கிழக்கு விமானியோடும், மேற்கு விமானி மேற்கு விமானியோடும்தான் ஒரே விமானத்தில் உட்கார்ந்தார்கள். பொதுப் பட்டியல் இல்லாததால் பொதுச் சம்பள ஒப்பந்தமும் இல்லை. திவால் காலத்தில் வெட்டிய குறைந்த சம்பளத்திலேயே கிழக்கு விமானிகள் வருடக்கணக்கில் ஓட்டினார்கள். 2013இல் அந்தக் கம்பெனி அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு சேர்ந்து, 2016இல் வேறு நடுவர்கள் வந்து எல்லோரையும் ஒரே பட்டியலில் எழுதிய பிறகுதான் ஒரு முடிவு கிடைத்தது. இதற்குள் எத்தனையோ பேர் ஓய்வு வயதை எட்டியிருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆளுக்குப் பட்டியலில் எத்தனையாவது இடம் கிடைத்தால் என்ன?

இதே அமெரிக்காவில் 2008இல் டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் சேர்ந்தன. அக்டோபர் கடைசியில் இணைப்பு, டிசம்பரில் நடுவர்கள் கொடுத்த பட்டியல். அங்கேயும் எல்லோருக்கும் மகிழ்ச்சி இல்லை. ஆனால் சீக்கிரம் முடிந்தது. அவரவர் கோபத்தை அவரவர் விழுங்கிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

இதெல்லாம் ஆகாயத்தில் பறக்கிறவர்கள் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. எங்கள் ஊர் ஸ்டேஷன் வழியாக ஓடிய பழைய சவுத் இந்தியன் ரயில்வே 1951இல் மற்ற ரயில்வேக்களோடு சேர்ந்துதான் தெற்கு ரயில்வே ஆனது. 1972இல் தனியார் பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பிறகு திண்டுக்கல்லுக்கென்று ராணி மங்கம்மாள் பெயரில் தனிக் கழகம் பிரிந்தது. 1997இல் தலைவர்களின் பெயர்களையெல்லாம் கழகங்களிலிருந்து எடுத்தபோது அந்தப் பெயரும் போனது, பின்னால் கழகமும் மதுரையோடு சேர்ந்துகொண்டது. 1943இல் கருமுத்து தியாகராசர் தொடங்கிய பேங்க் ஆஃப் மதுரா, 263 கிளைகளோடு 2001 மார்ச்சில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியில் கலந்தது. ஒவ்வொரு முறையும் பெயர்ப்பலகை ஒரு நாளில் மாறிவிடும். மனிதர்கள் ஒன்றாவதற்கு வெகுகாலம் பிடிக்கும்.

சர்க்கார் உத்தியோகத்தில் இதைவிடப் பெரிய கலப்பு ஒன்று நடந்திருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்தபோது, அங்கிருந்த அலுவலர்களும் சேர்ந்து வந்தார்கள். மாநில எல்லைகளை மாற்றியமைத்த அந்த நாளில் இந்தியா முழுக்க அப்படித்தான். எந்தப் பதவியை எந்தப் பதவிக்குச் சமமாக வைப்பது என்பதற்கு நாலு விஷயம் பார்க்கச் சொன்னார்கள்: என்ன வேலை, எவ்வளவு அதிகாரமும் பொறுப்பும், சேருவதற்கு என்ன தகுதி கேட்டார்கள், என்ன சம்பளம். இதில் சம்பளத்தைக் கடைசியில் வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் அனுபவசாலிகள் தெரிகிறார்கள். முறையீடுகளைக் கேட்க ஆலோசனைக் குழுக்களுக்கு வழி செய்தார்கள். ஏற்கெனவே அனுபவித்து வரும் பணி நிபந்தனைகளை மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் பாதகமாக மாற்றக் கூடாது என்றும் சட்டத்திலேயே எழுதினார்கள். உட்கார்ந்திருப்பவரை எழுப்பாதே என்று செம்பட்டிக் கண்டக்டர் சொன்னதும் இதைத்தான்.

ஆனால் சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. பழைய ஹைதராபாத் மாநிலத்துப் பொறியியல் துறை ஊழியர்கள் தொடுத்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. பதவி உயர்வுக்குத் தன் பெயரைப் பரிசீலிக்கக் கேட்பது உரிமை, பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு கூடுவதும் குறைவதும் பணி நிபந்தனையில் சேராது என்பதுதான் அது. அதாவது, கையில் இருக்கும் இருக்கையைச் சட்டம் காப்பாற்றும். வரப்போகிற முறைக்கு உத்தரவாதம் தராது. மனிதர்களுக்கு வலிப்பதோ பெரும்பாலும் அந்த வராத முறைதான். அந்த வலிக்கு நீதிமன்றத்தில் மருந்து இல்லை. உடன் வேலை பார்க்கிறவர்களும் மேலே இருக்கிறவர்களும் கொஞ்சம் மனசு வைத்தால்தான் உண்டு.

மனசு வைப்பது என்றால் என்ன என்பதை எங்கள் கண்காணிப்பாளர் ஒருவரிடம் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தை இன்னொன்றோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததுமே, உத்தரவு வரட்டும் என்று காத்திருக்காமல், தற்காலிகப் பட்டியலைத் தயார் செய்யச் சொன்னார். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு ஆட்சேபணைக்குக் கெடு வைத்தால் போதுமே என்றேன் நான். அவர் கேட்கவில்லை. பட்டியலை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்து அலுவலகத்துக்கே போனார். அவர்கள் கேன்டீனில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, “உங்க பேரு, தேதி சரியா இருக்கான்னு பாருங்கண்ணே” என்று காட்டினார். எதிரிப் படையை எதிர்பார்த்துப் போனவனுக்கு மிக்சரும் டீயும் கிடைத்தது.

அங்கே வயதான டிரைவர் ஒருவர் தன் தேதியில் ஒரு வருடம் தப்பாக இருக்கிறதென்றார். பதிவேட்டின் அந்தப் பக்கம் கரையான் அரித்துப்போயிருந்தது. மறுநாள், சுருக்குப் பையில் பத்திரப்படுத்தி வைத்திருந்த முதல் மாதச் சம்பளச் சீட்டோடு வந்தார். தேதி திருத்தப்பட்டது. அவர் சில இடங்கள் மேலே ஏற, எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் கீழே இறங்கினார். அடுத்து வரவேண்டிய பதவி உயர்வு அவருக்குத் தள்ளிப்போகும். இறுதிப் பட்டியலை ஒட்டுவதற்கு முதல் நாள் மாலை, கண்காணிப்பாளர் அவருடைய வீட்டுக்கே போய், சீட்டைக் காட்டி, இப்படியிப்படி ஆகிவிட்டது என்று சொன்னார். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவரு என்னைவிட ஒரு வருஷம் முன்னாடி வந்தவருதானே சார், போகட்டும்” என்றார். பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார், நிச்சயம் வழக்குத்தான் போட்டிருப்பார். பிற்பகலில் சேர்ந்த அந்த நத்தம்காரர் என் மேஜைக்கு வந்ததும் இப்படி நாலு வார்த்தைக்காகத்தான் என்று அப்போது எனக்கு உறைத்தது.

மறுபடி விமானிகளிடம் வருகிறேன். டாடா குழுமம் 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா அதில் கலந்தது. அதற்கு முந்தைய ஏப்ரலிலேயே, புதிய சம்பள ஏற்பாடு பிடிக்காத விமானிகளின் மனக்குறை விஸ்தாரா விமானங்கள் பல ரத்தாகும் அளவுக்குப் போனதைப் பத்திரிகையில் படித்தோம். ஒரு பக்கம் ஓய்வு வயது 58, மறு பக்கம் 60 என்பதும் பேச்சாக இருந்தது. ஓய்வு வயதில் இரண்டு வருடம் என்பது, பின்னால் வரிசையில் நிற்பவனுக்கு அந்த இருக்கை இரண்டு வருடம் தள்ளிப்போவது. வெளியே இருக்கிறவர்களுக்கு அது வெறும் எண்.

பேரனிடம் கடைசியில் நான் சொன்னது இவ்வளவுதான். “அப்பு, உன் தேதி, நீ பறந்த மணி நேரம், பரிச்சை எழுதுன சான்றிதழ், எல்லாத்துக்கும் காகிதம் பத்திரமா வச்சுக்க. ஆட்சேபணை இருந்தா கெடுவுக்குள்ள எழுதிக் குடு. ரெண்டு பக்கமும் நம்புற ஒரு நடுவர் முடிவு சொன்னா, பிடிக்கலேன்னாலும் ஒத்துக்க. உன் வலப்பக்கமோ இடப்பக்கமோ அந்தக் கம்பெனி ஆளு வந்து உக்காந்தா, அவனும் எங்கேயோ நின்னு காத்திருந்துதான் வந்திருக்கான்னு நினைச்சுக்க. மேலே போனப்புறம் ரெண்டு பேரும் ஒரே விமானத்தைத்தானே இறக்கணும்?” அவன் சிரித்தான். எவ்வளவு எடுத்துக்கொண்டான் என்று தெரியாது. அவன் வயதில் நானும் அவ்வளவாக எடுத்துக்கொண்டவனில்லை.

கம்பெனிகளைச் சேர்க்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. விமானத்துக்கு என்ன நிறம் பூசுவது, புதுப் பெயரை எந்த எழுத்தில் எழுதுவது என்பதற்கு முன்னால் பட்டியலைப் போட்டுவிடுங்கள். இருப்பவர் கையில் இருப்பதைப் பறிக்காதீர்கள். இனி வரப்போவதை இரு தரப்புக்கும் பங்கு வைத்துக் கொடுங்கள். யாருக்கு இடம் இறங்குகிறதோ அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு டீக்காசு.